மாதையன் கண்ணில் விட்ட மருந்து

குள்ளம்மாளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஊர் முடிவு கட்டி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. காரிமங்கலத்துக்கு மேற்கே, ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற ஊர் அது. அங்கே எதிரே வருகிறவரைப் பார்த்து, "எங்க, சந்தைக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும். சந்தை நாளாக இருக்கும், கையில் பை இருக்கும், வேறெங்கே போகப் போகிறார்? இருந்தாலும் கேட்க வேண்டும். கேட்காமல் போனால் ஆள் மாறிப்போனாள், கையில் காசு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

குள்ளம்மாள் கேட்காமல் போனாள். எக்ஸெல் வண்டியில் ரெண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு, தேர்க்குதிரை மாதிரி நேரே பார்த்தபடி போனாள். குழாயடியில் நின்ற பூவரசன் பெண்சாதி அவளைப் பார்த்துக் கையைத் தூக்குவாள். இவள் திரும்ப மாட்டாள். தூக்கிய கையை என்ன செய்வது? அந்தம்மா தலையைச் சொறிந்துகொள்வாள்.

"நாலு மாடு கறக்குதில்ல, அந்தக் கொழுப்பு" என்றார்கள் குழாயடியில்.

அவள் புருஷன் மாதையனுக்கு ஊர் வைத்த பேர் வேறு. சோம்பேறி. ஒரு காலத்தில் பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மெட்ராஸ் மார்க்கெட்டில் கொண்டுபோய் நிறுத்திய டிரைவர். இப்போது வேப்பமரத்தடிக் கட்டிலில் கிடந்தான். எழுந்தால் தண்ணீர் குடிப்பான், மறுபடி படுப்பான். ஊர் சொன்னது ரெண்டும் பொய். ஆனால் அது பொய் என்று அந்த ரெண்டு பேருக்கே தெரியாது, அதுதான் கொடுமை.

எல்லாம் ஒரு கண் முகாமில் ஆரம்பித்தது. ஆறு வருஷம் இருக்கும். ஒரு மாங்கூழ் கம்பெனி வாசலில் லாரி டிரைவர்களுக்குப் பந்தல் போட்டுக் கண் பார்த்தார்கள். மாதையனுக்குச் சோறு கொண்டுபோன குள்ளம்மாளையும், "நீங்களும் உக்காருங்கம்மா, காசா பணமா" என்று பிடித்து உட்கார வைத்தார்கள். தாடையை ஒரு மெஷினில் வைக்கச் சொன்னார்கள். அது கண்ணைப் பார்த்து 'புஸ்'ஸென்று காற்றை ஊதியது. மாதையன் பாம்பு சீறியதுபோல எகிறிப் பின்னால் போனான். குள்ளம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அங்கிருந்தவர் நம்பரைப் படித்தார். "ஐயாவுக்கு இருபத்தாறு. கண்ணுல பிரஷர் அதிகம். பெரிய டாக்டரப் பாத்துருங்க. அம்மாவுக்குப் பதினாலு. சூப்பர்."

பெரிய டாக்டரிடமும் போனார்கள். அவரும் அளந்தார், அவருக்கும் அதே கணக்குத்தான் வந்தது. மஞ்சள் மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியை எழுதிக் கொடுத்து, காலையில் ஒரு சொட்டு, சாயந்திரம் ஒரு சொட்டு, ஆயுசுக்கும் விடணும், விட்டால் கண் இருக்கும், விடாவிட்டால் போகும் என்றார்.

போகும் என்ற அந்த ஒரு சொல் வீட்டுக்குள் பாம்பு மாதிரி வந்து சுருண்டு படுத்துக்கொண்டது. பிரஷர் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ரத்தக்கொதிப்பு. ஆகவே உப்பை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். அவன் கோபப்படக்கூடாது என்று சண்டையைக்கூடக் குறைத்துக்கொண்டாள், அது அவளுக்குக் கஷ்டமான பத்தியம்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது கண் போய்விட்டால் என்னாவது என்று மாதையன் தானாகவே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தான். அன்று அவன் அழுததைக் குள்ளம்மாள் யாரிடமும் சொல்லவில்லை.

அதிலிருந்து நாலு மாடு, மூணு ஏக்கர் மானாவாரி, பால் சொசைட்டி, சந்தை, எல்லாம் அவள் தலையில். சொட்டு மருந்தும் அவள் கையில். பால் கறந்து முடித்ததும் கையைக் கழுவி, புருஷன் தலையை மடியில் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு. சாயந்திரம் சொசைட்டியிலிருந்து வந்ததும் ஒரு சொட்டு. ஒரு வேளை தப்பியது கிடையாது. கல்யாணம் காட்சிக்குப் போனாலும் ஈரத்துணியில் சுற்றி டம்ளரில் வைத்துக் குப்பியைக் கொண்டுபோவாள்.

"சிமிட்டாதீங்க."

"சிமிட்டல, அதுவா மூடிக்குது."

"லாரி ஓட்டுன ஆளு, ஒரு சொட்டுத் தண்ணிக்கு இந்தப் பயமா?"

"உனக்கென்னா புள்ள, நீ பதினாலு."

வீட்டில் அவளுக்கு அதுவே பட்டப்பேர் ஆகிப்போனது. பதினாலு.

அந்தப் பதினாலு மாட்டுக்கொட்டாய்த் தூணில் தோளை இடித்துக்கொண்டாள். ஓரமாய் வைத்திருந்த சோற்றுத் தட்டை மிதித்தாள். கோழிக்குஞ்சின் மேல் காலை வைத்துவிட்டு, தாய்க்கோழியையே திட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் வைத்திருந்தாள்: "அவசரம்." நாலு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் இடிக்காதா? அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வந்தது. பால் சொசைட்டித் தராசில் நம்பர் தெரிந்தது. எதிரே வருகிற பஸ் தெரிந்தது. அப்புறம் கண்ணைப் பற்றி என்ன யோசனை?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கெட்டது. நல்லம்பள்ளியில் இருக்கிற அவள் தம்பி பச்சியப்பன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தைக்காரி போகாமல் நிச்சயமா? பட்டுச் சேலை கட்டி, சீர்த்தட்டோடு போனாள். வாசலில் தம்பி பெண்சாதி நிர்மலாதேவி, பன்னீர்ச் செம்பும் சந்தனம் குங்குமமும் வைத்த தட்டோடு இடது பக்கம் நின்று, "வாங்க அண்ணி" என்று தட்டை நீட்டினாள். மேளச் சத்தத்தில் அது குள்ளம்மாள் காதில் விழவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் முழங்கை லேசாகப் பட்டு, தட்டு கீழே விழுந்தது. நிச்சயப் பெண்ணின் வீட்டு வாசலில் குங்குமம் கொட்டிப்போனது.

குள்ளம்மாள் திரும்பினாள். தரையில் தட்டு, நடுவில் குங்குமம், வெறுங்கையோடு நிர்மலா. தன்னைக் கண்டதும் வேண்டுமென்றே போட்டுவிட்டாள் என்று அவளுக்குப் பட்டது.

"பொம்பளன்னா கையில ஒரு பிடி வேணாமா?" என்றாள், சபையில்.

நிர்மலாவின் மூஞ்சி செத்துப்போயிற்று. தட்டிவிட்டதும் அவளே, ஏசுவதும் அவளே. அன்றைக்கு அறுந்ததுதான் தாய்வீட்டு உறவு. பேச்சில்லை, போன் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது. அத்தை இல்லாமலே.

இப்படி இருக்கையில் போன தை மாசம் ஒருநாள் மாதையன் மாட்டுக்கொட்டாயில் தலைசுற்றி விழுந்தான். காரிமங்கலத்து டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். மறுபடி பார்த்தார். "என்னய்யா, மாட்டு வண்டி மாதிரி ஓடுது? என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையெல்லாம் இல்லீங்க. கண்ணுக்குச் சொட்டுதான்."

குப்பியை வாங்கிப் பார்த்த டாக்டரின் புருவம் ஏறியது. "இது சிலருக்கு நாடியக் கொறைக்கும். அசதி வரும், படுத்தே கெடக்கத் தோணும். இன்னிக்கே தர்மபுரி போயி கண் டாக்டரப் பாருங்க. மருந்த நீங்களா நிறுத்தாதீங்க."

பஸ்ஸில் மாதையன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆறு வருஷமாக ஊர் அவனைச் சோம்பேறி என்றது. அவனும் நம்பியிருந்தான்.

தர்மபுரியில் சுசித்ரா என்று ஒரு கண் டாக்டர். சின்ன வயசு, ஆனால் அவசரமில்லாத பெண். மரத்துப்போகிற சொட்டை விட்டு, பேனா மாதிரி ஒன்றால் மாதையனின் கண்ணைத் தொட்டு அளந்தது. உள் நரம்பைப் படம் எடுத்தது. அப்புறம் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் மூஞ்சியை வைக்கச் சொன்னது. நடுவில் ஒரு புள்ளி இருக்கும், அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் மின்மினி மாதிரி வெளிச்சம் வந்து வந்து போகும். தெரிகிறபோதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். மாதையன் டக்டக்கென்று ஆரன் அடிக்கிற மாதிரி அமுக்கித் தள்ளினான்.

டாக்டர் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டது.

"ஐயா, கண்ணுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்குது, கருவிழி. பிரஷர் பாக்கற மெஷின் அதத்தான் அமுக்கிப் பாக்கும். உங்களுக்கு அது ரொம்பத் தடிப்பு. தடிப்பா இருந்தா லேசுல அமுங்காது. அதனால நம்பர் ஏத்திக் காட்டும்."

மாதையன் யோசித்தான். "ரீமோல்டு டயரு மாதிரிங்களா? மேல ரப்பரு தடியா ஒட்டியிருக்கும். கட்டையால தட்டிப் பாத்தா கல்லாட்டம் இருக்கும். உள்ள காத்து பாதிதான் இருக்கும்."

"அதேதான்! உங்க நரம்பு நல்லாருக்குது, சுத்துப் பார்வை நல்லாருக்குது. உங்களுக்கு நோய் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல. மருந்த நிறுத்திட்டு, அப்பப்ப வந்து காட்டுங்க, போதும்."

நல்ல சேதிதானே? ஆனால் சாவுச் சேதி கேட்டவன்போல மாதையன் வாயைப் பிளந்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நான் லாரிய விட்டனே!"

குள்ளம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏங்க, ஆறு வருஷமா உப்பில்லாத கொழம்பு! நானும் சேந்து தின்னனே!" சிரித்துக்கொண்டே எழுந்தவள் இடது பக்கம் கிடந்த நாற்காலியில் மோதி, அதைத் தள்ளிக்கொண்டே ரெண்டடி போனாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மா, அந்த நாற்காலி தெரியலையா?"

"அவசரத்துலம்மா."

"இப்படி உக்காருங்க."

"எனக்கெதுக்கும்மா? நான் பதினாலு."

"பதினாலோ பதினெட்டோ, உக்காருங்க."

அதே மெஷின், அதே பேனா, அதே படம். கடைசியில் அதே வெள்ளைக் கிண்ணம். பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு குள்ளம்மாள் காத்திருந்தாள். நடுவில் ரெண்டு பொறி தெரிந்தது, அமுக்கினாள். அப்புறம் காத்திருந்தாள். கரண்டு போய்விட்டதோ என்று நினைத்தாள். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பக்கத்தில் நின்ற நர்ஸைக் கேட்டாள்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தது.

"முடிஞ்சுபோச்சும்மா" என்றது டாக்டர், மெதுவாக.

மாதையன் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தான். அவன் பொத்தானை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வலித்த அதே கிண்ணம். இவள் ஆரம்பிக்கவே இல்லை என்கிறாள்.

"உங்க கருவிழி ரொம்ப மெலிசும்மா. பொறப்புலயே அப்படித்தான் இருந்திருக்கும். மெலிசா இருந்தா சுலபமா அமுங்கிரும், நம்பர் கொறச்சலாக் காட்டும். அந்தப் பதினால நம்பியிருக்கக்கூடாது. உள்ள நரம்பு முக்கால்வாசி காஞ்சிருக்குது. நடுப்பார்வை மட்டும் நிக்குது. ஓரம் ரெண்டும் போயிருச்சு."

"தேஞ்ச டயரு" என்றான் மாதையன், தன்னையறியாமல். "தட்டுனா மெத்துனுதான் இருக்கும், உள்ள காத்து முட்டிக்கிட்டு நிக்கும். அப்பறம் திடீர்னு ஒரு நாளைக்கி..." டிரைவர் அல்லவா, அதற்கப்புறம் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டான்.

குள்ளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னம்மா பேசற? நான் பாக்கறனே! உன் மூக்குத்தி தெரியுது. அந்தக் காலண்டர்ல முருகன் தெரியறாரு. ஊசி குடு, நூல் கோத்துக் காட்டறேன்."

"கோத்துருவீங்க. நேரா பாக்கறதெல்லாம் தெரியும். ஓரத்துல போனது போனதே தெரியாது. இருட்டாக்கூடத் தெரியாது, இல்லாத மாதிரி இருக்கும். அதனாலதான் யாரும் டாக்டருகிட்ட வர்றதில்ல." அப்புறம் உடம்பு விவரம் கேட்டது. சர்க்கரை உண்டா, மூச்சிரைப்பு உண்டா, மூட்டு வலிக்கு ஏதாவது?

"மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்குவேன். கலர் கலரா நாலு மாத்திரை ஒரு காயிதத்துல மடிச்சுக் குடுப்பான். போட்டா மூட்டு கம்முனு ஆயிரும்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தது. "அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கும். கண்ணு பிரஷரை அது ஏத்தும். இனிமேல் தொடக்கூடாது."

"போனது வருமா?" என்று கேட்டது மாதையன்தான்.

"வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். நாடியெல்லாம் இவங்களுக்கு நல்லா இருக்குது, சொட்டு மருந்து எழுதியிருக்கேன். ஒரு வேளையும் தப்பக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது."

கீழே மருந்துக் கடையில் குப்பியைக் கொடுத்தார்கள். குள்ளம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மஞ்சள் மூடியைத் தெரியும். ஆறு வருஷமாகக் காலையும் மாலையும் தன் கையால் திறந்து மூடிய மூடி. ஈரத்துணியில் சுற்றி ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த குப்பி.

"தம்பி, மாத்திக் குடுத்துட்ட. இது இவரு மருந்து."

கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். "இல்லீங்கம்மா, உங்க பேருதான் போட்டிருக்குது."

அப்போதுதான் அவளுக்குள் என்னமோ சரிந்தது. எந்த மருந்து அவள் கண்ணைக் காப்பாற்றியிருக்குமோ அது அவள் உள்ளங்கையிலேயே இருந்திருக்கிறது. நோயில்லாத கண்ணில் ஊற்றி, நல்லா இருந்த மனுஷனைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறாள். சொட்டு வழிந்து விரலில் பட்டால் சேலையில் துடைத்திருக்கிறாள். அந்த விரலைத் தன் கண்ணில் வைத்துத் தேய்த்திருந்தாலாவது! கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. குப்பியையே பார்த்தாள்.

நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தது. "அம்மா, டாக்டர் கேக்கச் சொன்னாங்க. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? குடும்பத்துல வரும், அவங்களையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க."

"ஒரு தம்பி."

"என்ன பண்றாரு?"

குள்ளம்மாள் திரும்பி மாதையனைப் பார்த்தாள். மாதையன்தான் சொன்னான்: "ஸ்கூல் வேன் ஓட்டறாப்ல."

நர்ஸின் கை தானாக வாயைப் பொத்தியது.

மாதையன் உடனே போன் போட்டான். நிர்மலா எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். மறுபடி போட்டான், எடுக்கவில்லை. "நாளைக்கி நான் மட்டும் போயிச் சொல்லிட்டு வர்றேன்" என்றான். "நீ அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்க."

"சத்தியம் பண்ணது நாக்குதான? காலு பண்ணலியே" என்று எழுந்தாள். "நாளைக்கிக் காலையில அவன் புள்ளைங்கள ஏத்துவான். இன்னிக்கே போவணும்."

நல்லம்பள்ளியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேன் வீட்டு முன்னால் நின்றது. பச்சியப்பன் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கையில் இருந்த தண்ணீர் மக்கு அப்படியே நின்றது. வாசலுக்கு வந்த நிர்மலா, "வாங்க" என்று மாதையனை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

குள்ளம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "நிர்மலா, அன்னிக்கி நீ நீட்டுன தட்டு எனக்குத் தெரியல."

"ஊரே பாத்துச்சு அண்ணி. உங்களுக்கு மட்டும் தெரியல."

"கண்ணு தெரியலடி எனக்கு."

"நூல் கோக்கற கண்ணு, தட்டு தெரியாதா? ரெண்டு வருஷம் கழிச்சு இது ஒரு நாடகம்."

மாதையன் குறுக்கே வந்தான். "ஏம்மா நிர்மலா, என் பேச்ச நம்பாத, டாக்டர் பேச்ச நம்பாத. நீயே பாத்துக்க. ஒரு சொம்பு கொண்டா."

குள்ளம்மாளை எதிரே இருந்த வேனின் விளக்கைப் பார்க்கச் சொன்னான். நிர்மலாவை அவளுக்கு இடது பக்கம், காதோரமாய் நிறுத்தினான். "சொம்ப மெல்ல முன்னுக்குக் கொண்டு வா. தெரிஞ்சதும் இவ சொல்லட்டும்."

நிர்மலா தண்ணீர்ச் சொம்பை வேண்டாவெறுப்பாகத்தான் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்று அதே விளக்கைப் பார்த்த பச்சியப்பனுக்கு, அவள் காதைத் தாண்டும் முன்னாலேயே சொம்பு தெரிந்தது. குள்ளம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பு கன்னத்துக்கு வந்தது. கடைக்கண்ணுக்கு வந்தது. கடைக்கண்ணையும் தாண்டி, விளக்கை மறைக்க ஒரு சாண்தான் பாக்கி என்கிற அளவுக்கு வந்துவிட்டது. குள்ளம்மாள் வேன் விளக்கையே பார்த்தபடி, பொறுமையில்லாமல் கேட்டாள்:

"இன்னும் எடுத்துக்கிட்டு வரலியா நீ? ஒரு சொம்ப நீட்டறதுக்கு இந்நேரமா?"

சொம்பு கீழே விழுந்தது. தண்ணீர் நாலு பேர் காலிலும் தெறித்தது. இந்தத் தடவை நிஜமாகவே தவறவிட்டது நிர்மலாதான். ஆனால் யாரும் ஏசவில்லை. நிர்மலா அப்படியே முன்னால் வந்து, குள்ளம்மாளின் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, மூஞ்சிக்கு நேராக நின்றாள். "அண்ணி... ஐயோ அண்ணி... எந்தக் கண்ணோட இத்தன நாளு நீங்க வண்டி ஓட்டுனீங்க?"

"அது கெடக்குது. இவனுக்குப் பாக்கணும்."

பச்சியப்பன் சிரிக்கப் பார்த்தான். "எனக்கென்னா அக்கா? எல்லாந் தெரியுது. போன வருஷம் கேம்புல பாத்தாங்க, பதிமூணுன்னாங்க. சூப்பர்ன்னாங்க."

குள்ளம்மாள் தம்பியின் கண்ணையே பார்த்தாள். முகாமில் தனக்குச் சொன்ன அதே சொல். தன்னைவிட ஒன்று குறைச்சலான நம்பர்.

"நாளைக்கி டாக்டரப் பாக்க வர்ற."

"நாளைக்கி ஸ்கூல் அக்கா. ட்ரிப்ப விட்டா வேல போயிரும். ஞாயித்துக்கிழம பாக்கலாம்."

குள்ளம்மாள் வேனைப் பார்த்து நடந்தாள். வேன் கதவைத் தடவித் திறந்து, முன் சீட்டில் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எறங்கு."

"மாட்டேன். புள்ளைங்க வரட்டும். என்னையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போ. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் எறங்கி, உங்க புள்ளைய ஏத்தறவன் கண்ண இன்னும் ஒருத்தரும் சரியாப் பாக்கல, அவன் அக்கா கண்ணப் பாருங்கன்னு காட்டறேன்."

"மாமா, சொல்லுங்க மாமா!"

"நான் சொல்லியா எறங்கப்போறா? எனக்கு ஆறு வருஷம் கருவாடு தராதவ."

முடித்து வைத்தது நிர்மலாதான். உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "மாத்து டிரைவருக்குப் போன் போடுங்க" என்றாள் புருஷனிடம். "அண்ணி, எறங்கி வாங்க. சோறு ஆறுது."

மறுநாள் அதே ஆஸ்பத்திரி. பச்சியப்பன் உள்ளே போக, வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நிர்மலா, குள்ளம்மாளின் கையை விடவில்லை. உள்ளிருந்து பொத்தான் அமுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று குள்ளம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். டக். ஒன்றுமில்லை. டக், டக். பிறகு விடாமல் டக்டக்டக். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் அழுதாள், முதல் தடவையாக.

அவனுக்கும் கருவிழி மெலிசுதான். வேறு மெஷினில் அளந்தபோது பிரஷர் ஏறித்தான் இருந்தது. வலது கண் நரம்பில் அரிப்பு ஆரம்பித்திருந்தது. ஆனால் ஓரப் பார்வை முழுசாக இருந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, அங்கே உட்கார்ந்திருந்த குள்ளம்மாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. "வண்டி ஓட்டலாங்க. மருந்து தப்பக்கூடாது. மாசாமாசம் வந்து காட்டணும். உங்க பொண்ணையும், அக்கா பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்க."

குள்ளம்மாளின் மகள் கனிமொழி ஓசூர் கம்பெனியிலிருந்து லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டாள். கருவிழியில் அவள் அப்பன் ஜாதி. தடிப்பு.

இப்போது எக்ஸெல் வண்டியை மாதையன் ஓட்டுகிறான். சொட்டு நின்று கொஞ்ச நாளிலேயே நாடி ஏறிவிட்டது, கட்டில் வேப்பமரத்தடியில் சும்மா கிடக்கிறது, கோழி படுத்துக்கொள்கிறது. லாரி முதலாளி கூப்பிட்டு அனுப்பினார், இவன் போகவில்லை. காலையும் மாலையும் பெண்சாதி தலையை மடியில் சாய்த்து மஞ்சள் மூடியைத் திறக்கிற ஆள் மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு எப்படிப் போவான்?

குள்ளம்மாள் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். ஊருக்குள் நுழைந்ததும் மாதையன் வேகத்தைக் குறைத்து, கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வருவான்: "இடப்பக்கம் பூவரசன் பொண்டாட்டி. வலப்பக்கம் ராஜா மாமா, கையில மம்பட்டி." அவளும் அந்தந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்னா அண்ணி, தண்ணி வந்துச்சா? என்னா மாமா, கொல்லை வேலைக்கா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒரு வீடு விடுவதில்லை. ரெண்டு வருஷத்துப் பாக்கியை வட்டியோடு கொடுக்கிறாள் என்று குழாயடியில் சிரித்தாலும், பூவரசன் பெண்சாதி தூக்கிய கையை இப்போது தலைக்குக் கொண்டுபோவதில்லை.

போன வாரம் அவன் சொல்வதற்குக் கொஞ்சம் பிந்திப்போனான். "என்னா சித்தப்பா, சந்தைக்கா?" என்று அவள் கேட்டது டிரான்ஸ்பார்மரை. மாதையன் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

"சிரிக்காம நேராப் பாத்து ஓட்டுங்க" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நேராப் பாத்து மட்டும் இல்ல. ஓரத்துலயும் பாருங்க. எனக்கும் சேத்துப் பாருங்க."